சிவதாணு பிள்ளை பார்க்காமல் சொன்ன ரூபாய்

மலையாளச் சீமையின் தலைநகரில், சாலைக் கடைத்தெருவில் ஆறுமுகநயினாரின் ஜவுளிக்கடையில் சிவதாணு பிள்ளை இருபத்தாறு வருஷம் நோட்டக்காரராக இருந்தார். நோட்டக்காரர் என்றால் காசு பார்ப்பவர். துணி எடுக்க வருகிறவர்கள் கொடுக்கும் ரூபாயில் எது நல்லது, எது ஈயம் கலந்தது, எது துளை போட்டு அடைத்தது, எது ஓரத்தில் அரம் வைத்து வெள்ளியை ராவி எடுத்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். முதலாளியிடம் துணிக்கு விலை பேசிக் குறைக்கலாம். பிள்ளையிடம் ஒரு காசைக்கூடப் பேசித் தேற்ற முடியாது. அவர் ஒதுக்கினால் ஒதுக்கியதுதான்.

காசு பார்ப்பவர் என்று பேர்தானே தவிர, அவர் பார்க்கவே மாட்டார். அதில்தான் அவருக்குக் கொள்ளைப் பெருமை. இடது உள்ளங்கையில் ரூபாய்களை அடுக்கிக்கொண்டு, கட்டை விரலால் ஒவ்வொன்றாக வலது கைக்குத் தள்ளுவார். கண் தெருவில் போகிற மாட்டுவண்டியில் இருக்கும். வாயில் வெற்றிலை இருக்கும். பத்து ரூபாய் தள்ளி முடிப்பதற்குள் ஆகாத காசு ஒன்று தானாகத் துள்ளிப் பலகையில் விழும். "பிள்ளைக்கு விரல்லே கண்ணு" என்று சாலை முழுக்கப் பேச்சு. அதை அவர் காதால் கேட்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். ஆனால் அன்று மட்டும் வெற்றிலைக்கு ஒரு பாக்கு கூடுதல்.

ஊர் சுசீந்திரத்துக்குப் பக்கம். கரமனையில் வாடகை வீடு, மனைவி பகவதியம்மாள், குழந்தை கிடையாது. நல்ல மனுஷர்தான். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் அவர் சொன்ன சொல்லை ஒருவன் திருப்பிக் கேட்டுவிட்டால் போதும், மனுஷருக்குப் பிடரி சிலிர்த்துவிடும். வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று அவர் சொன்ன பிறகு உப்பு இருப்பதாகப் பகவதியம்மாள் நிரூபித்ததே இல்லை. அவளுக்கும் வேறு வேலை இருந்ததே.

அவருக்கு ஒரு ரகசியமும் இருந்தது. சர்வே ஆபீஸில் படம் வரைகிற அனந்தபத்மநாபன் என்று ஒருவர், விசித்திரமான காசுகளைச் சேர்க்கிற பைத்தியம் பிடித்தவர். காசு அச்சிடும் கம்மட்டத்தில் அடிக்கும்போதே கோளாறாகப் பிறந்த காசுதான் அவருக்கு வேண்டும். அச்சு விலகி ராஜா தலை பாதி ஓடிப்போன காசு, பூவும் எழுத்தும் இருக்க வேண்டிய பக்கத்திலும் ராஜா தலையே குழிவாகத் திரும்பி விழுந்த காசு. இப்படி ஒன்றுக்கு நாலு ரூபாய், ஐந்து ரூபாய்கூடக் கொடுப்பார். அடிபட்டு, நசுங்கி, ராவிக் குறைந்த காசை அவர் தொடக்கூட மாட்டார். முதல் வகை பிறவிக்குறை, இரண்டாவது பட்ட காயம். கடைக்கு வருகிற பையில் பிறவிக்குறைக் காசு கிடைத்தால் பிள்ளை அதை மடியில் வைத்துக்கொண்டு, பதிலுக்குத் தம் நல்ல ரூபாய் ஒன்றைப் பையில் போட்டுவிடுவார். திருட்டு இல்லை. ஆனால் ஒன்பது வருஷமாக முதலாளியிடம் சொல்லவும் இல்லை. சொல்லாத விஷயத்துக்கு என்ன பெயரோ அது.

பிறவிக்குறையையும் காயத்தையும் பிரித்தறிய அவர் ஒரு வழி கண்டு வைத்திருந்தார். பிறவிக்குறையாக இருந்தால், ஓரிடத்துக் குறைக்கு வேறோர் இடமும் சாட்சி சொல்லும். அடிக்கும்போது மொத்தக் காசும் ஒரே அச்சில்தானே நெரிபடுகிறது? காயமாக இருந்தால் பட்ட இடம் மட்டுமே பேசும், மற்ற இடம் ஒன்றும் அறியாது. இதைப் பார்க்க விரல் போதாது, கண் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முற்றத்தில் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, ஒரு காசைக் கால்மணி நேரம் பார்ப்பார். அது வீட்டில். கடையில் அவர் பார்க்க மாட்டார். கடையில் பார்த்தால் சாலைக்காரர்கள் என்ன சொல்வார்கள்?

இப்படிப்பட்டவர், கொல்லம் ஆயிரத்து நூற்றொன்பதாம் ஆண்டு மேட மாசம், விஷு கழிந்த இரண்டாம் நாள், தம் வாயாலேயே மாட்டிக்கொண்டார்.

வலியசாலை ராமசுப்ரமணியன் அன்று கடைக்கு வந்திருந்தார். சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். பையனுக்குப் பூணூல். அவருடைய கல்யாணத்துக்கு வந்த பதினோரு ரூபாயை அவர் மனைவி அனந்தலக்ஷ்மி இருபத்தைந்து வருஷமாக லக்ஷ்மி படத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டு வந்தாள். இந்த வருஷம் அவற்றை விஷுவன்று விடியலில் கண் விழிக்கிற கணித் தட்டில் பளபளவென்று வைத்துவிட்டு, அந்தப் பணத்திலேயே பையனுக்குப் பட்டு எடுப்பதாக வேண்டுதல். பட்டை எடுத்து மடித்துவைத்தாயிற்று. பதினோரு ரூபாயும் பிள்ளையின் கைக்கு வந்தது. ஏழாவது ரூபாய் துள்ளிப் பலகையில் விழுந்தது.

"ராவல்" என்றார் பிள்ளை, தெருவைப் பார்த்தபடியே.

"என்ன ஓய்?"

"இது ராவினது சாமி. மத்த பத்தும் நல்லது."

ராமசுப்ரமணியனுக்கு முகம் சிவந்துவிட்டது. கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். "ராவினதா! ஓய், இது ஆத்துல பூஜையில வெச்சிருந்த ரூபாயாக்கும். எங்க கல்யாணத்துலேந்து அப்படியே இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லும்!"

பாத்துச் சொல்லும். இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கடையில் யாரும் அவரிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பிள்ளைக்குப் பிடரி சிலிர்த்தது. ரூபாயை எடுத்து, ஓரத்தை ஒரே ஒரு நொடி கண்ணால் தொட்டார். விளிம்பில் பிறைபோல ஒரு சின்னக் கடி. கடித்த இடம் சொரசொரப்பாக, வெள்ளை வெளேரென்று மின்னியது.

"பூஜையிலே இருந்தா அரத்துக்குத் தெரியுமா சாமி? ராவினது ராவினதுதான். அதுவும் பழசில்லே. பழசானா ஓரம் கறுத்திருக்கும். இது ரெண்டு மூணு நாளைக்குள்ளே போட்ட அரமாக்கும்."

ஓரம் மட்டுமா மின்னியது? காசு முழுக்கவே மின்னியது. மற்ற பத்தும் அப்படித்தான் மின்னின. அதை அவர் கவனிக்கவில்லை. கோபம் வந்தவனுக்குக் கண் எதற்கு?

"ரெண்டு மூணு நாளா?" என்றார் ராமசுப்ரமணியன். குரல் இறங்கிவிட்டது. மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு பட்டை வாங்காமலே, ரூபாயை எல்லாம் மேல்துண்டில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார்.

வில்லை விட்ட அம்பும் வாயை விட்ட சொல்லும் திரும்புமா? அந்தச் சொல் நேராகப் போய்த் தங்கபாயின் மேல் விழுந்தது.

தங்கபாய் ஒரு தட்டானின் விதவை. புருஷன் போய் ஏழு வருஷம். அவள் பிழைப்பு, விசேஷ நாட்களுக்கு முன்னால் வீடு வீடாகப் போய் வெள்ளிப் பாத்திரம், குத்துவிளக்கு, பூஜைச் சாமான் எல்லாம் தேய்த்துக் கொடுப்பது. வெள்ளியில் கீறல் விழாமல் தேய்க்க அவளைப் போல் ஆள் இல்லை என்று வலியசாலையில் பெயர். விஷுவுக்கு முதல்நாள் அந்தப் பதினோரு ரூபாயையும் புளி போட்டுத் தேய்த்தவள் அவள்தான். நோட்டக்காரரோ ரெண்டு மூணு நாளைக்குள் என்கிறார். தட்டான் வீட்டில் அரத்துக்குப் பஞ்சமா? ராமசுப்ரமணியன் புகார் கொடுக்க, போலீஸ் போய்த் தேடியது. புருஷனின் பழைய பெட்டியில் உருண்டை அரம் ஒன்று கிடைத்தது. பிறை மாதிரி ராவ உருண்டை அரமே வேண்டும். அதற்கு மேல் என்ன வேண்டும்?

ரூபாயை ராவுவது லேசுப்பட்ட குற்றம் இல்லை. ராஜா தலை போட்ட காசில் கை வைப்பது. ஜெயில்தான். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பிள்ளை ஸ்டேஷனுக்கு வந்து தம் வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்க வேண்டும், வைத்ததும் அவளை உள்ளே எடுப்பார்கள் என்று புதன்கிழமை ஒரு கான்ஸ்டபிள் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். ஆறுமுகநயினாருக்கு ஒரே பெருமை. "நம்ம கடை வாக்கு கோர்ட்டு ஏறப் போவுது வே! நானும் கூட வாரேன்" என்றார். பிள்ளை தலையாட்டினார். அன்று அவர் வெற்றிலைக்குக் கூடுதல் பாக்குப் போடவில்லை. ரெண்டு மூணு நாள் என்று எதற்குச் சொன்னோம் என்ற கேள்வி அரிசியில் கல்போலப் பல்லில் நெறநெறத்தது.

வியாழக்கிழமை உச்சியில், கடையில் கூட்டம் இல்லாத நேரம், தங்கபாய் வந்து படிக்குக் கீழே நின்றாள். நாற்பது வயது இருக்கும். விரல் நுனி எல்லாம் புளிக்கறை. அழவில்லை.

"அண்ணாச்சி, அந்த ரூபாயை நீங்க பாத்தியளா?"

பிள்ளை வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்தார்.

"நான் பாத்தேன். புளி போட்டுத் தேய்க்கும்போ சந்தனம் கட்டி கட்டியா எளகிச்சு. இருபத்தஞ்சு வருசச் சந்தனம்லா? ஒரு ரூபாய்லே மட்டும் ஓரத்துலே தீராம வந்துக்கிட்டே இருந்துச்சு. ஈர்க்கு வச்சு நோண்டினேன். நோண்டிப் பாத்தா அங்கே வெள்ளியே இல்லே. பெறை கணக்கா குழி. சந்தனந்தான் அதை அடச்சுக்கிட்டு இருந்திருக்கு. அம்மாகிட்டே காட்டணும்னு நெனச்சேன். கணித் தட்டு ஒருக்கி வைக்கணும், வேகம் வேகம்னாவ. காட்டாம விட்டுட்டேன். நான் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்."

"இதைப் போலீஸ்கிட்டே சொன்னியா?"

"சொன்னேன். நீ சொன்னா ஆச்சா, நோட்டக்காரர் சொல்லுதான் கணக்குன்னுட்டாங்க." விரலைப் புடவையில் துடைத்தாள். "எங்க வீட்டுக்காரர் அரம் துருப்பிடிச்சுக் கெடந்தது. அதைப் போட்டு ராவினா ஓரம் பளபளன்னா இருக்கும்? நீங்க தொழில் தெரிஞ்சவுங்க. நான் சொல்ல என்ன இருக்கு?"

திரும்பிப் போய்விட்டாள். காலில் விழுந்து அழுதிருந்தால் பிள்ளைக்கு லேசாக இருந்திருக்கும். இரண்டு அதட்டல் போட்டு அனுப்பியிருப்பார். இப்படிக் கேட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது? சந்தனம் என்றாளே. இருபத்தைந்து வருஷம் சந்தனம் அடைத்திருந்த குழியில், ரெண்டு மூணு நாளைக்குள் எவன் அரம் போட்டான்? ஆனால் அது அவள் வாய்ச்சொல். பொய்யாகவும் இருக்கலாம். பொய்யாக இருந்தால் தேவலை என்று பிள்ளைக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் வீட்டில் சாம்பாரில் நிஜமாகவே உப்பில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்ததைப் பார்த்துப் பகவதியம்மாள் பயந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்க நின்றார். தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடி, 'பிள்ளையாரப்பா, அந்த ரூபாய் ராவினதாகவே இருக்கணும்' என்று வேண்டினார். வேண்டி முடித்த பிறகுதான், தாம் என்ன கேட்டோம் என்பது உறைத்தது. ஒரு பொம்பளை திருடியாக இருக்க வேண்டும், அப்போதுதான் என் வாய் ஜெயிக்கும் என்றல்லவா கேட்டிருக்கிறார்! தேங்காயை உடைக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. பின்னால் நின்றவர் "உடையும் வே, எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு" என்றார். பிள்ளை வேண்டுதல் ஒன்றும் இல்லாமல் உடைத்துவிட்டு நடந்தார். வெட்கமாக இருந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் மை ஒற்றுகிற தாளில் அந்த ரூபாய் கிடந்தது. பக்கத்தில் துருப்பிடித்த அரம். ராமசுப்ரமணியன் ஒரு நாற்காலியில், ஆறுமுகநயினார் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு இன்னொன்றில். தங்கபாய் சுவரோரமாக நின்றாள். இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். எல்லாம் பிள்ளை சொன்னதுதான், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"இதுலே ஒரு ஒப்பு போடணும் பிள்ளே."

"காசைப் பாக்கணும்" என்றார் பிள்ளை.

"நீங்க நோக்கின காசுதானே இது?"

"நோக்கல்லே. தொட்டேன்."

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். பிள்ளை மடியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, ரூபாயோடு ஜன்னல் பக்கம் போனார்.

தலையில் கிரீடம் இல்லாத எட்வர்ட் ராஜா. கடி விழுந்த இடத்தை முதலில் பார்த்தார். அரம் போட்டிருந்தால் எழுத்தைக் கத்தியால் அறுத்ததுபோல அறுத்திருக்கும். இங்கே அப்படி இல்லை. குழிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு எழுத்துக்கள் மெலிந்து, நீண்டு, குழியைப் பார்த்து வழிந்திருந்தன. இன்னும் ஒரே இடம்தான் பார்க்க வேண்டும். குழிக்கு நேர் எதிரே உள்ள விளிம்பு. அந்த இடத்தில் விளிம்பு நன்றாக எழும்பியிருந்தால், ஓரத்து மணிவரிசை மணி மணியாக இருந்தால், சந்தேகத்துக்கு இடம் வைத்து ஒப்பு போட்டுவிடலாம். கண்ணாடியை மெல்ல அங்கே நகர்த்தினார்.

அங்கே விளிம்பே இல்லை. மணிகள் எல்லாம் கரைந்து, மழுங்கி, சுவடாகக் கிடந்தன. குழி எவ்வளவு அகலமோ அதே அகலத்துக்கு.

பிறவிக்குறை. இந்தக் காசு இப்படியேதான் பிறந்திருக்கிறது. இப்படிப்பட்டதை அவரே இரண்டு விற்றிருக்கிறார்!

திரும்பிப் பார்த்தார். அறையில் இருந்த ஒருவருக்கும் இது தெரியாது. அவர் ஒப்பு வைத்தால் சாகிறவரைக்கும் ஒருவருக்கும் தெரியவரப் போவதில்லை. இருபத்தாறு வருஷப் பெயர் அப்படியே இருக்கும். ஆறுமுகநயினார் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கபாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், புளிக்கறை விரல்களைப் புடவைத் தலைப்பில் மறைத்தபடி.

"நான் சொன்னது தப்பு" என்றார். "இதுலே அரம் பட்டதே இல்லே."

ராமசுப்ரமணியன் எழுந்தே விட்டார். "என்ன ஓய் விளையாடறேளா? நாலு பேர் முன்னால என் ரூபாயை ராவல்னேள். இப்போ இல்லேங்கறேள். எது நிஜம்?"

இன்ஸ்பெக்டர் எழவில்லை. நிதானமாகக் கேட்டார். "நேத்து உச்சைக்கு இவள் உங்க கடைக்கு வந்தாள். எங்க ஆள் கண்டான். எத்தனை கிட்டி பிள்ளே?"

எவ்வளவு வாங்கினாய் என்று கேட்கிறார். தப்பை ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று பிள்ளை நினைத்திருந்தார். ஒத்துக்கொண்டதே தப்பாகிவிட்டது.

"ஒண்ணும் வாங்கல்லே. நான் காரணம் சொல்லுகேன், கேளுங்க. வெள்ளித் தகட்டைப் பரத்திவச்சு அதிலேருந்து வட்டம் வட்டமா வெட்டி எடுப்பாங்க. பரத்தின மாவைக் கிண்ணத்து வாயாலே அமுக்கி வட்டம் எடுக்கோம்லா, அது மாதிரி. ஏற்கெனவே எடுத்த ஓட்டையிலே கிண்ணம் கொஞ்சம் ஏறி விழுந்தா, அடுத்த வட்டத்துலே பிறை கணக்கா ஒரு கடி இருக்கும். அப்புறம் அந்த வட்டத்தை ரெண்டு பக்கமும் நெருக்கி உருட்டித்தான் விளிம்பை எழுப்புவாங்க. கடி இருக்கிற பக்கம் நெருக்குறதுக்கு வெள்ளி இல்லே. அதனாலே நேர் எதிர்ப்பக்கத்துக்கும் நெருக்கு விழாது. அங்கே விளிம்பு எழும்பாது. இந்தா பாருங்க, மழுங்கிக் கெடக்கு. அரம் ஒரு பக்கம்தான் ராவும். எதிர்ப்பக்கத்து விளிம்பை அது எப்படிக் கரைக்கும்?"

"தூக்கம் நோக்கினால்?" என்று எடையைப் பற்றிக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நிறுத்தா ரெண்டும் குறையும். தராசுக்கு இது தெரியாது."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "தேஞ்சும் போயிருக்கலாம். இது நீங்க இப்போ உண்டாக்கின கதை அல்லேன்னு எனக்கு எப்படித் தெரியும்? கள்ள சாட்சின்னா உங்களையும் சேர்த்து அகத்துப் போடுவேன்."

பிள்ளை ஒருமுறை ஆறுமுகநயினாரைப் பார்த்தார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது சும்மாவா? ஒன்பது வருஷத்துக் கனம்.

"சர்வே ஆபீஸிலே அனந்தபத்மநாபன்னு ஒருத்தர் இருக்காரு. காசு சேர்க்கிறவரு. அவர்கிட்டே இதே கடியோட ரெண்டு ரூபாய் இருக்கு. நிஜமா ராவினது ஒண்ணும் இருக்கு. வச்சுப் பாத்தா தெரிஞ்சுபோவும். அந்தக் கடி விழுந்த ரெண்டையும் நான்தான் கொடுத்தேன்."

"நீங்களா? உங்களுக்கு எங்கேர்ந்து கிட்டி?"

"கடைப் பையிலேருந்து."

ஆறுமுகநயினாரின் அங்கவஸ்திரம் தோளிலிருந்து நழுவியது. அவர் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

கான்ஸ்டபிள் போய் அனந்தபத்மநாபனை அழைத்துவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கொலையோ கொள்ளையோ என்று நடுங்கிக்கொண்டு வந்த அனந்தபத்மநாபன், மேஜைமேல் கிடந்த ரூபாயைப் பார்த்ததும் எல்லாப் பயத்தையும் மறந்துவிட்டார். "அய்யோ, எத்தனை நல்ல கடி!" என்றார். மரப்பெட்டியைத் திறந்து மூன்று ரூபாயை எடுத்து அதன் பக்கத்தில் வரிசையாக வைத்தார். "இது ரெண்டும் ஒரிஜினல் ஸார். பிள்ளை தந்தது. இந்த மூணாவது, ஒரு கள்ளன் எனக்கு ஒரிஜினல்னு பறஞ்சு வித்தது. அரம் போட்டது. ஏமாந்ததை மறக்கக் கூடாதுன்னு வச்சிட்டிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் நாலையும் ஒவ்வொன்றாக எடுத்தார். கடியைப் பார்த்தார், எதிர்ப்பக்கம் திருப்பினார். முதல் ரூபாய், மழுங்கல். இரண்டாவது, மழுங்கல். மூன்றாவது, கடிக்கு எதிரே விளிம்பு முழுசாக, மணி மணியாக எழும்பி நின்றது. பூஜை ரூபாய், மழுங்கல். நம்பாமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். தங்கபாய் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி மேஜையைப் பார்த்தாள்.

மூன்றாம் தடவை பார்த்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் கண்ணாடியை ராமசுப்ரமணியனிடம் நீட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ எங்க கல்யாணத்தன்னிக்கே இது இப்படித்தான் இருந்துதா?"

"அடிச்ச அன்னிக்கே சாமி" என்றார் பிள்ளை.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை இரண்டாகக் கிழித்தார். தங்கபாயைப் பார்த்து, "போகலாம்" என்றார். அவள் போகவில்லை. "அரம்?" என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, பிள்ளை நின்ற பக்கம் திரும்பாமலே வெளியே போனாள். இந்தக் கலவரத்தில் அனந்தபத்மநாபன் மட்டும் ராமசுப்ரமணியனிடம் குனிந்து, "ஸார், அந்த ரூபாய்க்குப் பத்து ரூபாய் தரேன்" என்றார். அவர் பார்த்த பார்வையில் மரப்பெட்டி தானாக மூடிக்கொண்டது.

படி இறங்கும்போது ஆறுமுகநயினார் பேசினார். "காசுக்குக் காசு வச்சீரு. எனக்கு ஒரு சல்லி நட்டமில்லே. ஆனா எங்கிட்டே சொல்லல்லியே வே."

திங்கட்கிழமை கடையில் பிள்ளையின் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு சிவதாணு பிள்ளை பழவங்காடிக் கோயிலுக்கு எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரூபாய்க்குச் சக்கரம், காசு என்று ஊர்ச் சில்லறை நாணயம் மாற்றிக் கொடுக்கிற தொழில். அங்கே அவர் ஒவ்வொரு காசையும் பார்த்தார். ஒரு பக்கம், மறுபக்கம், விளிம்பு முழுக்க ஒரு சுற்று. தேங்காய் உடைக்க அவசரமாக வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். "முன்னே பாக்காமலே சொல்லுவாரு, இப்போ பாத்தாலும் சொல்லமாட்டேங்காரு" என்று சாலைக்காரர்கள் சிரித்தார்கள். பிடரி சிலிர்ப்பதெல்லாம் போய்விட்டது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

தங்கபாய்க்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. குற்றம் இல்லை என்று ஆன பிறகும் வலியசாலையில் பாதி வீடுகள் அவளைக் கூப்பிடவில்லை. போலீஸ் ஏறிய வீட்டுக்காரி என்று ஒரு பேச்சு நின்றுவிட்டது. அனந்தலக்ஷ்மி ஆள் அனுப்பினாள். அங்கே தங்கபாயே போகவில்லை. கோட்டைக்குள் இரண்டு மூன்று வீட்டில் விளக்குத் தேய்த்து மாசம் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வாங்கினாள். அந்த ரூபாயை மாற்ற மாசாமாசம் பிள்ளையிடம்தான் வந்தாள். ஊரில் வேறு சில்லறைக்காரன் இல்லையா என்றால், இருந்தான். அவள் வந்தது இவரிடம்.

ரூபாயைப் பலகையில் வைப்பாள். "பாத்துச் சொல்லுங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவர் ஒரு பக்கம் பார்த்து, மறுபக்கம் பார்த்து, விளிம்பைச் சுற்றிப் பார்த்து "நல்லது" என்று சொல்லும்வரை கை கட்டி நிற்பாள். சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விடுவாள். முதல் வருஷம் அந்த நாள் வருகிறதென்றாலே பிள்ளைக்குச் சோறு இறங்காது. பிறகு பிறகு, அவள் வராமல் போய்விடுவாளோ என்று பயம் வர ஆரம்பித்தது. மன்னிப்புக் கேட்கப் பல தடவை வாயெடுத்தார். காசைத்தான் பார்க்கச் சொன்னாள், பேசச் சொல்லவில்லையே என்று அடங்கிவிடுவார்.

இப்படி ஆறு வருஷம் போயிற்று. ஒரு மேட மாசம், விஷுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கோயில் வாசலில் நெருக்கித் தள்ளுகிற கூட்டம். மழை வேறு தூறத் தொடங்கிவிட்டது. தங்கபாய் தலையில் புடவைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு வந்து ரூபாயை வைத்தாள். பாத்துச் சொல்லுங்க என்று சொல்லவில்லை. பிள்ளை அதைக் கவனித்தார். கவனிக்காதவர்போலக் காசை எடுத்து ஒரு பக்கம் பார்த்தார்.

"மதி, போதும் அண்ணாச்சி" என்றாள் தங்கபாய். "மழை வருது. சில்லறையைத் தாருங்க. நல்ல ரூபாய்தான் அது."

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஆறு வருஷமாக அவர் இதற்குத்தான் காத்திருந்தார். கண்ணில் நீர் முட்டியது. கைவசம் இருந்த சக்கரங்களை அள்ளி அவள் கையில் போட்டுவிடலாம் போல இருந்தது.

"இரு தாயி" என்றார் சிவதாணு பிள்ளை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ரூபாயைத் திருப்பினார். "மறுபக்கம் இன்னும் பாக்கல்லே."

அவள் மழையில் நின்றாள்.